மலைக் கிராமங்களைக் காலி செய்துவிடலாமா? பிளாட்டன், தோர்பெல் பற்றிச் சில குறிப்புகள்

கேள்வி, 2025 ஜூன் 2

"சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமம் மண்ணுக்குள் போய்விட்டது. முந்நூறு பேருக்காக அதே பள்ளத்தாக்கில் மீண்டும் ஊர் கட்டப் போகிறார்களாம். சுற்றுலாவையும் சீஸையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சுகமாக வாழ்ந்தவர்கள்தானே, இனியாவது கீழே நகரத்துக்கு இறங்கி வரட்டும். பொது மேய்ச்சல், பொதுக் காடு என்பதெல்லாம் எப்படியும் பாழாய்ப் போகும் சங்கதி. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் சொல்வதில் என்ன தவறு?"

ஜூன் 2, இரவு 10.50

நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். பிளாட்டனில் அல்ல, அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் ஃபிஸ்ப் நகரம் அருகே. பதினேழு ஆண்டுகளாக மேல் வாலிஸில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறேன். (மாநிலத்துக்கு ஜெர்மனில் வாலிஸ், பிரெஞ்சில் வாலே என்று பெயர்.) "சுகமாக வாழ்ந்தவர்கள்" என்பதைப் படித்ததும் வந்த தூக்கம் போய்விட்டது.

களைப்பாக இருக்கிறது. நடந்ததை மட்டும் முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மே 19 அன்றே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர், கூடவே மாடும் ஆடும். மேலே கிளைனஸ் நெஸ்ட்ஹோர்ன் சிகரத்திலிருந்து பாறை பெயர்ந்து பெயர்ந்து பிர்ஷ் பனியாற்றின் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சுமை தாங்காமல் மே 28, புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணியளவில் பனியாறு மொத்தமாக இடிந்து இறங்கியது. ஊரில் பத்தில் ஒன்பது பங்கு அதனடியில். சரிவு லோன்ஸா ஆற்றை மறித்ததால் பின்பக்கம் நீர் தேங்கி, மண் மூடாமல் தப்பிய வீடுகளும் மூழ்கின. 64 வயதுக்காரர் ஒருவரைக் காணவில்லை.

ஊரைக் காலி செய்தபோது காயம்பட்டு நடக்க முடியாத பசு ஒன்றை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் ஆட்களில் சிலர் சிரித்தார்கள். ஒரு பசுவுக்கு ஹெலிகாப்டரா என்று கேட்டார்கள். அந்த ஊர்களில் பசு என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். அதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

நேற்று முடியவில்லை.

முதலில் சுகம். மாட்டர்ஹோர்ன் சிகரத்தில் முதல் மனிதர் கால் வைத்தது 1865இல். ட்ஸெர்மாட்டுக்கு ரயில் வந்தது 1891இல். சுற்றுலாப் பணம் என்பதெல்லாம் அதற்குப் பிந்திய கதை. அதுவும் எல்லாச் சரிவுகளுக்கும் ஏறிப் போகவில்லை. அதற்கு முந்திய அறுநூறு எழுநூறு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள் தின்றது கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் கறுத்த ரொட்டி, பால், சீஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருளைக்கிழங்கு வந்த பிறகுதான் மக்கள் தொகையே பெருகத் தொடங்கியது. அதே நிலத்தில் கூடுதல் வயிறுகள் நிறைந்தன.

அந்த ரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஊருக்குப் பொதுவான அடுப்பு, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டுமே மூட்டப்படும். விறகு மிச்சம். எல்லா வீட்டாரும் முறை வைத்துச் சுட்டுக்கொள்வார்கள். யாருடைய ரொட்டி யாருக்கு என்று குழப்பம் வராமல் இருக்க மாவின் மேல் வீட்டு அடையாளத்தை அச்சாகக் குத்துவார்கள். பிறகு எலி ஏற முடியாதபடி ஏணிபோன்ற சட்டத்தில் அடுக்கி மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டியின் மகள் அவருடைய பழைய ரொட்டிக் கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். கத்தியின் நுனி பலகையில் வளையத்தால் பிணைக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையில் கைப்பிடி. நம் அரிவாள்மனையைப் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவதுபோல வெட்ட வேண்டும். பலகையின் நடுவே தலைமுறைகள் வெட்டி வெட்டிக் குழிந்த பள்ளம், ஓர் உள்ளங்கை வைக்கலாம். மூதாட்டி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, "இது அம்மா, இது பாட்டி" என்று ஆழத்தைக் காட்டினார். நான்கு மாத ரொட்டியைக் கையால் பிய்க்க முடியாது. கோடரிக்குத் தம்பி போன்ற அந்தக் கத்திதான் வேண்டும்.

சுகம் என்று எழுதியவர் அந்தப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

இன்று விடுமுறை, விரிவாக எழுதுகிறேன். பொதுச் சொத்து பாழாய்ப் போகும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பேச்சுக்கு உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஊர் என் சமையலறை ஜன்னலுக்கு எதிர்ச் சரிவில் இருக்கிறது. பெயர் தோர்பெல். ஊர்க்காரர்கள் தெர்பில் என்பார்கள். ஸ்டால்டன் ரயில் நிலையத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வெயில் பார்த்த சரிவில், கறுத்துப்போன மரவீடுகள். சிறிய ஊர்.

1968இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கர் பொது மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாட்டை அவிழ்த்துவிடுவான், லாபம் அவனுக்கு, நட்டம் எல்லாருக்கும் என்பது வாதம். நீங்கள் எழுதியதும் அதே வாதம்தான். அடுத்த சில ஆண்டுகளிலேயே ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் தோர்பெலுக்கு வந்து தங்கி, ஊரின் பழைய ஆவணங்களையும் வம்சாவளிகளையும் படித்தார். அவர் கண்டதை எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்து, நூற்றாண்டுகளாகப் பாழாகாத பொதுச் சொத்துக்கு முதல் சான்றாக 1990இல் வைத்தார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்.

சூட்சுமம் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. 1483இலேயே எழுதிவைத்தார்கள்: குளிர்காலம் முழுவதும் தன் தீவனத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே ஒருவன் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் ஒன்று போனாலும் கடுமையான அபராதம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இங்கே கோடை மேய்ச்சல் மூன்று மாதம்கூட இல்லை. மாடு பெரும்பாலான மாதங்கள் தொழுவத்தில். அந்தக் காலம் முழுக்க உலர்புல் வேண்டும். (வைக்கோல் என்று எழுதலாம், ஆனால் நெற்தாள் நினைவுக்கு வந்துவிடும். இது வெயிலில் காயவைத்த புல்வெளிப் புல்.) உலர்புல் விளைவது அவரவர் சொந்தத் துண்டு நிலங்களில். அந்தத் துண்டுகளோ உயரத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும், சில ஒரு திண்ணையளவு. ஆகவே வசந்தத்தில் சந்தையில் பத்து மாடு வாங்கி, ஊரார் புல்லில் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்றுவிட்டுப் போக யாராலும் முடியாது. உன் பங்கு எவ்வளவு என்பதை ஊர்த் தலைவர் சொல்லவில்லை, உன் பரண் சொல்கிறது. எனக்கு இந்த விதி திருக்குறள் மாதிரி படுகிறது, இரண்டே வரியில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இன்னொன்று. ஆல்ப் என்றால் இவர்களுக்குச் சிகரம் அல்ல. கோடை மேய்ச்சல் நிலத்துக்குத்தான் ஆல்ப் என்று பெயர். "ஆல்ப்ஸ் பார்க்க வந்தேன்" என்று சொன்ன என் மைத்துனரிடம் எங்கள் இல்லத்து முதியவர் ஒருவர் மிக அக்கறையாக, "யாருடைய ஆல்ப்?" என்று கேட்டார்.

ஜூன் 8

திருத்தம். நேற்று 1483 என்று எழுதியது தவறு. இரண்டு ஆண்டுகளைக் கலந்துவிட்டேன். 1483 பிப்ரவரி 1 அன்று ஊரார் கூடிக் கையெழுத்திட்டு மேய்ச்சல் மலை, காடு, தரிசு ஆகியவற்றை நிர்வகிக்கச் சங்கம் அமைத்தார்கள். 1507இல் பொது நிலத்தின் எல்லைகளைப் பதிவு செய்தார்கள். குளிர்காலத் தீவன விதி 1517இல் எழுதப்பட்டது. நில விற்பனை பற்றிய ஆவணம் 1224இலிருந்தே இருக்கிறது.

ஜூன் 9

"எண்ணிப் பார்த்தது யார்? ஊர் என்றால் கண்டும் காணாமலும் விடுவார்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதற்கென்று கெவால்ட்ஹாபர் என்றொரு பொறுப்பாளர். அபராதத்தில் பாதி அவருக்கு. கண்டும் காணாமலும் விட அவருக்கு வீட்டிலேயே இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விறகும் இப்படித்தான். எந்த மரம் வெட்டலாம் என்று காட்டுக்காரர் குறியிடுவார். உரிமையுள்ள வீட்டார் குழுவாகப் போய் வெட்டி, இழுத்து, சம அளவுக் குவியல்களாக அடுக்குவார்கள். எந்தக் குவியல் யாருக்கு என்பது கடைசியில் சீட்டுக் குலுக்கலில்தான் தெரியும். எது தனக்கு வரும் என்று தெரியாதவன் எல்லாக் குவியலையும் ஒழுங்காக அடுக்குவான் அல்லவா!

ஜூன் 15

தண்ணீர். இதை எழுதத்தான் இத்தனை நாளும் தயங்கினேன், என் சொந்தக் கதை இதில் கலந்துவிடும் என்பதால்.

பனிமலைக்குக் கீழே இருப்பதால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று நினைப்பீர்கள். ஸ்டால்டன் பகுதி சுவிட்சர்லாந்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 550 மில்லிமீட்டரை ஒட்டி. யாழ்ப்பாணத்தில் விழுவதில் பாதிகூட இல்லை. இரு பக்கமும் 4,000 மீட்டர் மலைகள் மேகத்தை வழிமறித்து மழையை வாங்கிக்கொள்கின்றன. புல்லுக்கு நீர் வேண்டுமென்றால் மேலே பனி உருகும் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, மலையின் விலாவில் ஒட்டிக் கிடைமட்டமாகக் கொண்டுவர வேண்டும். அந்த வாய்க்காலுக்கு சூவோனே என்று பெயர். செங்குத்துப் பாறை வந்தால் துளையிட்டு மரக்கட்டை செருகி, அதன் மேல் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தினார்கள். அந்த வேலையில் விழுந்து செத்தவர்களுக்கு மலையடிவாரங்களில் சிலுவைகள் இருக்கின்றன.

வந்த நீரை முறை வைத்துப் பாய்ச்சினார்கள். இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்பதை டெசல் என்ற சிறு மரத்துண்டில் வெட்டுக்குறிகளாகச் செதுக்கி, பின்புறம் வீட்டு அடையாளம் பொறித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் விரலால் தடவி வாசிக்கலாம். அந்த நீர் உரிமை சொத்தோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பிரிந்தது. வீடும் அப்படித்தான், ஒரு மாடி ஒருவருக்கு, தொழுவத்தில் நான்கில் ஒன்று இன்னொருவருக்கு.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இப்போது மூச்சு நிற்கும். "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்" என்று நம் காணி உறுதிகளில் வரும் வரிதான் இது. எங்கள் தோட்டக் கிணற்றில் எங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. இறைப்பு முறை இரவில் வந்தால் ஐயா என்னை எழுப்பிக் கூட்டிப்போவார். அவர் இயந்திரத்தைப் பார்ப்பார், நான் மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்திகளுக்கு மடை மாற்றுவேன். எனக்குப் பத்து வயது. தூக்கக் கலக்கத்தில் மடை உடைந்தால் அடுத்த முறைவரை அந்தப் பாத்தி வாட வேண்டியதுதான்.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறைக் கடந்த ஒருவர் இருக்கிறார். எதிர்ச் சரிவு ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பெயரும் ஊரும் வேண்டாம். மறதி நோய். பிள்ளைகளின் பெயர்கூடப் பல நாட்களில் வராது. ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து காலுக்குச் சப்பாத்தைத் தேடுவார். தண்ணீர் முறையாம். முறை தவறினால் புல் போய்விடும், புல் போனால் ஒரு மாட்டை விற்க வேண்டும். இந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தெளிவாக இருக்கிறது. முன்பெல்லாம் இரவுப் பணியில் இருப்பவர்கள், "அப்பா, இது முதியோர் இல்லம், உங்களுக்கு இப்போது நிலம் இல்லை" என்று உண்மையைச் சொல்லிப் படுக்க வைக்கப் பார்ப்பார்கள். அவர் கத்துவார், அழுவார்.

முதல் தடவை நான் பணியில் இருந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், "மடையை நான் மாற்றிவிட்டேன், மேல் துண்டு நனைந்துவிட்டது, நீங்கள் தூங்கலாம்" என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். "கீழ் மூலைக்கு ஏறியதா?" என்று கேட்டார். கீழ் மூலைக்கு ஏறுவதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும், எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். "ஏறியது, மண் அணை போட்டு ஏற்றினேன்" என்றேன். "நல்ல மைட்ஜி" என்றார். இந்தப் பக்கத்து வழக்கில் நல்ல பெண் என்று அர்த்தம். படுத்துவிட்டார்.

பொய் சொன்னேனா என்று பிறகு வெகுநேரம் யோசித்தேன். நான் சொன்னது எல்லாம் நான் செய்த வேலைதான், இடமும் காலமும்தான் வேறு.

ஜூன் 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு எழுதியவர்களுக்கு நன்றி. அந்த முதியவரின் குடும்பத்தாருக்குத் தெரியும், எழுதலாம் என்று சொன்னார்கள்.

ஜூலை 6

மூன்று வாரமாக ஒரு விஷயம் உறுத்துகிறது. தோர்பெலைக் கோயில் கட்டிக் கும்பிடுவதுபோல எழுதிவிட்டேன். இரண்டு திருத்தங்கள் போட்டாக வேண்டும்.

ஒன்று, அந்த விதி சமத்துவம் அல்ல. புல்வெளி நிறைய உள்ளவனுக்கு உலர்புல் நிறைய, ஆகவே மேய்ச்சலுக்கு மாடும் நிறைய. கோடையில் மொத்தப் பாலையும் சேர்த்துச் செய்த சீஸைப் பிரித்ததும் மாட்டுக் கணக்கில்தான். ஏழை ஏழையாகவே இருந்தான். பேராசைக்குத்தான் வேலி போட்டார்கள், ஏற்றத்தாழ்வுக்கு அல்ல.

இரண்டு, வெளியாள். நிலத்தை விலைக்கு வாங்கிக் குடியேறினாலும் வெளியாளுக்குப் பொது மேய்ச்சலிலோ காட்டிலோ உரிமை கிடையாது என்பதும் 1483இன் சட்டத்திலேயே இருக்கிறது. ஊரின் பூர்வ உரிமையாளர்கள் புர்கர் எனப்படுவார்கள். நான் இங்கே வரி கட்டுகிறேன், இவர்களுடைய தாய் தந்தையரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறேன், இவர்களுடைய பேச்சு வழக்கில் சண்டையே போடுவேன். 1483இல் நான் இருந்திருந்தால் ஒரு சுள்ளிகூடப் பொறுக்க முடியாது. வரம்பு கட்டாமல் பொதுச் சொத்து நிலைக்காது என்று ஆஸ்ட்ரம் சொன்னது புரிகிறது. வரம்புக்கு வெளியே நிற்பவளின் இடத்திலிருந்து படிக்கும்போது அந்த வரி வேறு மாதிரிக் கனக்கிறது.

பெண்களைப் பற்றியும் நான் எழுதவில்லை. புல் வெட்டியதும் சுமந்ததும் பெருமளவு அவர்கள். மலைக்கு அந்தப் பக்கத்து உண்டர்பேக் கிராமத்தில் 1957 மார்ச்சில் முப்பத்து மூன்று பெண்கள் வாக்களிக்கப் போனார்கள். சுவிட்சர்லாந்தில் பெண்கள் அதற்கு முன் அப்படி வாக்களித்ததே இல்லை. முதலில் போட்டவர் ஊர்த் தலைவரின் மனைவி கத்தரினா ட்ஸென்ஹாய்ஸர்ன். பெண்களுக்குக் கட்டாயக் குடிமைப் பாதுகாப்புப் பணி வேண்டுமா என்ற கேள்விக்கான வாக்கெடுப்பு அது. பணி பெண்களுக்கு, வாக்கு ஆண்களுக்கா என்று அந்தச் சிறிய ஊராட்சி கேட்டது. அந்த வாக்குகளை மேலே செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். நாடு முழுவதும் உரிமை வந்தது 1971இல். நகரங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது மலைக் கிராமம் பெட்டியைத் திறந்துவைத்தது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிளாட்டனில் காணாமல் போனவரின் உடல் எச்சங்கள் ஜூன் 24 அன்று கிடைத்தன.

ஜூலை 20

கேட்டவருக்கு வேண்டுமானால் இது சுற்றுலாக் குறிப்பு. சூவோனே ஓரமாக நடந்தேன். பழைய வாய்க்கால்களில் சிறு நீர்ச்சக்கரம் ஒன்று வைத்திருப்பார்கள். அது சுழன்று ஒரு மரச்சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் பலகையில் போடும். டொக், டொக் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சத்தம் கேட்கும்வரை நீர்க்காவலர் தூங்கலாம். நின்றால் எங்கோ மேலே பாறை விழுந்து வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று பொருள், உடனே ஓட வேண்டும். சத்தம் போட்டு எழுப்பும் மணியைத்தான் நான் அறிவேன், சத்தம் நின்று எழுப்பும் மணியை இங்கேதான் கண்டேன்.

அந்த ஓசையைக் கைப்பேசியில் பதிந்து வந்து முதியவருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பதிவு முடிந்து ஓசை நின்றதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இனிப் போடமாட்டேன்.

ஆகஸ்ட் 30

இன்று மாட்மார்க். அறுபது ஆண்டுகள்.

1965 ஆகஸ்ட் 30 மாலை, பக்கத்து ஸாஸ் பள்ளத்தாக்கில் மாட்மார்க் அணை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர் குடியிருப்பின் மேல் அலலின் பனியாற்றின் நாக்கு உடைந்து விழுந்தது. 88 பேர் செத்தார்கள், அவர்களில் 56 பேர் இத்தாலியர். தங்குமிடமும் பட்டறையும் பனியாற்றுக்கு நேர் கீழே இருந்தன. ஏழு ஆண்டுகள் கழித்து வழக்கில் 17 பேரும் விடுதலை. மேல்முறையீட்டில் தோற்றபோது இறந்தவர்களின் குடும்பங்களே செலவில் பாதியைக் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது.

பிளாட்டனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு ஒன்பது நாள் முன்கூட்டியே முந்நூறு பேரை வெளியேற்றினார்கள். கருவிகள் வந்துவிட்டன, அது உண்மை. ஆனால் மலையை அன்றாடம் அண்ணாந்து பார்த்து, நேற்று இல்லாத கல் இன்று எப்படி வந்தது என்று கேட்பதற்கு ஊரில் ஆட்கள் இருக்க வேண்டும். "எல்லாரும் கீழே இறங்கட்டும்" என்று சொல்லும்போது அந்தக் கண்களையும் இறக்கிவிடுகிறீர்கள். மாட்மார்க்கில் இருந்தவர்கள் வேலைக்கு வந்தவர்கள், என்னைப் போல. அந்தப் பனியாற்றை அவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை.

ஆகஸ்ட் 31

"அப்படியானால் ஆபத்தே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் அப்படி எங்கே சொன்னேன்? 1855 ஜூலை 25 ஃபிஸ்ப் நிலநடுக்கம் இந்தச் சரிவையே உலுக்கியது. 1970 பிப்ரவரி 24 அன்று ரெக்கிங்கன் கிராமத்தில் பனிச்சரிவில் முப்பது பேர் செத்தார்கள். 1991இல் ராண்டாவில் மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை மலை இடிந்து, மூன்று கோடி கன மீட்டர் பாறை இறங்கியது. அதில் ஒரு மனித உயிரும் போகவில்லை. ஆபத்து எப்போதும் இருந்தது. ஊருக்கு மேலே உள்ள காட்டில் கை வைக்கக்கூடாது என்று ஆண்டர்மாட்காரர்கள் 1397இலேயே ஆவணம் எழுதினார்கள், பனிச்சரிவைத் தடுக்கும் மரங்கள் என்பதால்.

இப்போது வந்திருப்பது வேறு. உயரத்தில் பாறை இடுக்குகளைப் பசைபோல ஒட்டிவைத்திருந்த நிரந்தர உறைபனி இளகிவருகிறது. முன்னோர் எழுதிவைத்த எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு சரிவையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது என்று அறிவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள், அதையும் ஏற்கிறேன். ஆனாலும் வெப்பம் ஏற்றியது இந்த முந்நூறு பேர் அல்லவே.

செப்டம்பர் 21

மாடுகள் இறங்கிவிட்டன. கறுத்துக் குட்டையான எரிங்கர் மாடுகள், கழுத்து மணிகளோடு. இந்த இனம் ஒன்றோடொன்று முட்டித் தனக்குள் தலைமையைத் தீர்மானித்துக்கொள்ளும். வென்றதை ராணி என்பார்கள். ஹெலிகாப்டர் பசுவைப் பற்றி எழுதுகிறேன் என்று ஜூனில் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் படித்தவர்களுக்கு இப்போது நான் சொல்லவே தேவையில்லை: ஒரு மாடு என்றால் ஒரு குளிர்கால உலர்புல், அந்த உலர்புல் என்றால் பத்துத் துண்டு நிலத்தின் கோடைக்கால வேலை, அதற்குப் பின்னால் நடு இரவுத் தண்ணீர் முறைகள்.

ஊர்களைப் பணம் கொடுத்து நிரப்பும் முயற்சியும் நடக்கிறது. அல்பினன் கிராமம் 2017இல் வாக்கெடுத்து, குடிவரும் பெரியவருக்கு 25,000 பிராங், பிள்ளைக்கு 10,000 பிராங் தர முடிவு செய்தது. 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 2 லட்சம் பிராங்குக்கு வீடு கட்டவோ வாங்கவோ வேண்டும், பத்து ஆண்டுகள் தங்க வேண்டும். அப்போது உலகம் முழுவதிலுமிருந்து மனுக்கள் குவிந்தன. நம் ஆட்களும் எனக்குத் தொலைபேசியில் விசாரித்தார்கள். நிபந்தனைகளைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். 1483இன் வெளியாள் சட்டத்திலிருந்து வெளியாளுக்குப் பணம் கொடுக்கும் காலம்வரை ஐந்து நூற்றாண்டு.

பிளாட்டன்காரர்கள் இடிபாட்டின் மேல் கட்டப் போவதில்லை. சரிவு எட்டாத வைஸன்ரீட் போன்ற மேட்டுக் குடியிருப்புகள் அவர்களுடைய ஊராட்சியிலேயே இருக்கின்றன. செலவு சரியா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும், இங்கேயும் கேட்கிறார்கள். எத்தனை வீடு, எந்தச் சரிவில், எந்தக் காட்டுக்குக் கீழே என்று கேளுங்கள். "சுகமாக வாழ்ந்தவர்கள்" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 23

திரும்பப் பெற்றுக்கொண்டார். நன்றி. தன் தாத்தா காலத்து ஏரிக்கரைக் குடிமராமத்து நினைவுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். அதைத் தனி இழையாக எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அக்டோபர் 12

இரவுப் பணி முடிந்து காலையில் எழுதுகிறேன். வெளியே தோர்பெல் பக்கம் லார்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன.

முதியவர் நேற்றும் இரண்டு மணிக்கு எழுந்தார். சப்பாத்தை எடுத்துக் கொடுக்கவில்லை, மடை மாற்றிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "வாய்க்காலை மூடியாகிவிட்டது. இனி மே மாதம்தான்" என்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"பரண்?"

"நிறைந்திருக்கிறது."

"எத்தனைக்கு?"

ஒரு கணம் தடுமாறினேன். பிறகு, "நான்கு மாட்டுக்கு" என்றேன். விரல்களை மடக்கி எண்ணினார். நான்கு சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு மருந்து கொடுக்கப் போனபோதும் எழவில்லை.